ஃபயர் சார் வறுத்த பனீர்

அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. எல்லாருக்கும் அவர் ஃபயர் சார். தீயணைப்பு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகிற ஆளாக வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவர். எரிகிற பஞ்சாலைக்குள் புகுந்து இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பெயின்ட் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டபோது, கூரை எப்போது இறங்கும் என்று மற்றவர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்க, உள்ளே நின்று குழாய் பிடித்திருக்கிறார். இப்பேர்ப்பட்டவருக்கு, அடுப்பில் எண்ணெய் காய்வதைப் பார்த்தால் உள்ளங்கை வேர்த்துவிடும். இது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். மனைவிக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் போய் அணைத்த தீயில் பாதிக்கு மேல் சமையலறைத் தீ. கொதிக்கிற எண்ணெய் ஒரு மனிதத் தோலை என்ன செய்யும் என்பதை அவர் பார்த்த அளவுக்கு அந்த ஊரில் டாக்டர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கெல்லாம் போகும்போது தடித்த கோட்டு, பூட்ஸ், கையுறை, தலைக்கவசம் எல்லாம் இருந்தன. துறை கொடுத்த சாமான்களோடு தைரியத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தபோது அதுவும் கூடவே போய்விட்டது. வீட்டில், கை வைத்த பனியனும் அரைக்கால் சட்டையுமாக அடுப்படியில் நிற்கும்போது, அவர் சாதாரண மனிதர். சாதாரண மனிதர்களைவிடக் கொஞ்சம் பயந்த மனிதர் என்றே சொல்லலாம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கமே போனதில்லை. "ஆம்பளைங்கிற திமிரு" என்று மனைவியின் அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அவருக்கு அந்தப் பழியே தேவலை என்றிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடியிருப்பைத் திருத்த ஆரம்பித்தார். படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தாதே, வராண்டாவில் அட்டைப்பெட்டி அடுக்காதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எல்லாரையும் கார் நிறுத்துமிடத்தில் கூட்டி வைத்து, ஒரு பழைய வாணலியில் எண்ணெயைப் பற்ற வைத்து, அதில் நீளக் கம்பியில் கட்டிய டம்ளரால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பியது. குழந்தைகள் கைதட்டின. பெரியவர்கள் மணி பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு மாடியிலும் புகை மணி பொருத்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சங்கச் செயலாளர் குழாய்க் கடை வைத்திருப்பவர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வார். இதை ஐந்தாறு தடவை கேட்டார். கடைசியில் தொல்லை தாங்காமல் மணி வந்து சேர்ந்தது. அது அடிக்கவும் இல்லை, யாரும் அதை நினைக்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் அவர் மனைவி விழுந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தபடி பிரேமை வளைத்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். அந்தக் கடையின் ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் எலும்பு சேர நிறையப் பால் குடிக்கச் சொன்னார். அவளுக்குப் பால் வாடையே ஆகாது. தயிரும் இறங்காது. "அப்ப பனீராவது சாப்பிடுங்க" என்றார் டாக்டர். அவளுக்குப் பனீர் பிடிக்கும். வறுத்த பனீர்தான் பிடிக்கும்.

கடையில் வாங்கிய முதல் பொட்டலம் ரப்பர் செருப்பை வெட்டிப் போட்டதுபோல் இருந்தது. அவள் வாயைத் திறந்து குறை சொல்லவில்லை. ஒரே துண்டை வெகு நேரம் மென்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபயர் சாருக்கு என்ன தோன்றியதோ, "நாளையிலிருந்து வீட்டுலயே பண்றேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், பண்ணுவதோடு முடியாது, வறுக்கவும் வேண்டும் என்பது உறைத்தது.

பண்ணுகிற பாகம் அவருக்கு நன்றாகவே பிடித்துப்போனது. அதில் எண்ணெய் இல்லை. மனைவி சாப்பாட்டு மேஜையருகே கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர் செய்தார். கொழுப்பு எடுக்காத பாலைப் பொங்க விட்டு, அடுப்பைத் தணித்து, எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். முதல் தடவை பால் பாலாகவே இருந்தது. பயந்து பயந்து அரை ஸ்பூன் விட்டிருந்தார். இன்னொரு தடவை முழுப் பழத்தையும் பிழிந்து, திரிந்த பிறகும் கொதிக்க விட்டதில், கடையில் வாங்கியதற்கு அண்ணன் மாதிரி ஒன்று வந்தது. அதன் பிறகு கை பழகிவிட்டது. வெள்ளைத் திரளெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, நீர் இளம்பச்சையாகத் தெளிகிற அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்துவிடுவார். மெல்லிய துணியில் வடிகட்டி, புளிப்புப் போகப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, தட்டில் வைத்து மேலே பாரம் ஏற்றுவார். ஓய்வு பெற்றபோது துறை கொடுத்த கேடயத்துக்குக் கருங்கல்லில் பீடம் இருந்தது. 'அஞ்சாநெஞ்சர்' என்று பொறித்த அந்தக் கேடயம் பனீர்மேல் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் வறுக்கிற பாகம்.

வாணலியிலிருந்து எட்டி நின்று, நீள இடுக்கியின் நுனியில் ஒரு துண்டைப் பிடித்து, கையை நீட்டி, அங்கிருந்தே விடுவார். துண்டு உயரத்திலிருந்து விழும். எண்ணெய் தெறிக்கும். அவர் இன்னும் பின்னால் போவார். அடுத்த துண்டு இன்னும் உயரத்திலிருந்து விழும். அது இன்னும் தெறிக்கும். கொஞ்ச நேரத்தில் அவர் சமையலறை வாசலில் இருப்பார், எண்ணெயில் பாதி தரையில் இருக்கும். அடுத்த நாள் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, முழுக்கை மழைக்கோட்டோடு அடுப்பு முன்னால் நின்றார். மனைவி பார்த்தாள். மாவுக்கட்டுக் கை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"எங்கயாவது வெளியூர் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இது பாதுகாப்பு விதி என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. பொதுமக்கள் யாரும் கடைப்பிடிப்பதில்லை என்பதால் விதி தப்பாகிவிடாது என்றும் சொன்னார். அவள், கிட்டே போய் மெதுவாக விட்டால் தெறிக்காது என்று மட்டும் சொன்னாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டுக்குள் காது சரியாகக் கேட்பதும் இல்லை.

கட்டு எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க அவளை வரச் சொல்லியிருந்த அன்று, அக்கா வந்து அழைத்துக்கொண்டு போனாள். ஃபயர் சாருக்கு இது நல்ல சந்தர்ப்பமாகத் தெரிந்தது. பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாதபோது வறுத்துப் பழகிவிட வேண்டும். அவர்கள் திரும்பி வரும்போது, தக்காளி வெங்காய மசாலாவில் பொன்னிறப் பனீர் மிதக்க வேண்டும். அக்காளின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம்.

அவசரத்தில் பனீரைச் சரியாக இறுக விடவில்லை. பாரத்தைச் சீக்கிரமே எடுத்து, துண்டு போட்டுத் தட்டில் பரப்பினார். தட்டில் நீர் கசிந்து நின்றது. எண்ணெயில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் காட்டியவர்தான். ஆனால் தண்ணீர் என்றால் அவருக்கு டம்ளரில் இருக்க வேண்டும், குழாயில் வர வேண்டும். வெள்ளையாக, சதுரமாக, தட்டில் அடுக்கி வைத்திருப்பதும் பாதி தண்ணீர்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வாணலியில் தாராளமாக எண்ணெய் ஊற்றிப் பெரிய தீயில் வைத்தார். ஹெல்மெட்டை மாட்டினார். மனசைத் திடப்படுத்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த நேரமெல்லாம் எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது. லேசாகப் புகைந்ததை அவர் பார்க்கவில்லை. மூச்சுப் பட்டு ஹெல்மெட் கண்ணாடி மங்கியிருந்தது. ஒவ்வொரு துண்டாகப் போட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் பயப்பட வேண்டும், மொத்தமாகப் போட்டால் ஒரே பயத்தோடு போய்விடும் என்று கணக்குப் போட்டார். தட்டைத் தூக்கினார். கசிந்த நீரோடு அவ்வளவையும் வாணலியில் கவிழ்த்தார்.

எண்ணெய் சீறிக்கொண்டு நுரைத்து எழும்பி, விளிம்பைத் தாண்டி வழிந்து, அடுப்பில் பட்டு, குப்பென்று பிடித்துக்கொண்டது. வாணலி முழுக்கத் தீ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எண்ணெயைக் கண்டு நடுங்கிய கை தீயைக் கண்டதும் நிதானமாகிவிட்டது. அந்தக் கைக்குத் தெரிந்த பொருள் அது. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார். எட்டி அடுப்பின் திருகை மூடினார். பெரிய மூடியை எடுத்து, தன் பக்கத்திலிருந்து கேடயம்போல் முன்னால் நகர்த்தி, வாணலிமேல் சறுக்கி வைத்தார். மேடையில் சிந்தி எரிந்ததை ஈரத் துண்டால் போர்த்தினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தீ அணைந்துவிட்டது. புகை மட்டும் சுருண்டு சுருண்டு வெளியே போனது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாகத் தன்மீதே அவருக்கு மரியாதை வந்தது.

அப்போது புகை மணி அடித்தது.

குடியிருப்பு அவர் சொல்லிக் கொடுத்ததை மறந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மறக்கவில்லை. குழாய்க் கடைக்காரர் எதையும் இரண்டு தடவை கேட்காமல், முதல் காரியமாகத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். யாரும் லிஃப்டைத் தொடவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டு, முதியவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் படியில் இறங்கிக் கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். ஃபயர் சார் பால்கனிக்கு ஓடி வந்து, ஒன்றுமில்லை, அணைத்தாகிவிட்டது, எல்லாரும் மேலே வரலாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். உதவி கேட்டுக் கையாட்டுகிறார் என்று நினைத்த செயலாளர், "வண்டி வந்துக்கிட்டே இருக்கு சார், குதிச்சிடாதீங்க" என்று கத்தினார்.

வண்டி வந்தது. சொன்னதைவிடச் சீக்கிரமாகவே வந்தது. இறங்கியவர் இப்போதைய நிலைய அதிகாரி. ஃபயர் சாரின் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர், அவர் இடத்துக்கே வந்தவர். மேலே வந்து, கதவைத் திறந்தவர் யார் என்று பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினார். சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று கை பாதி எழும்பி இறங்கியது.

"அணைச்சாச்சுப்பா. சும்மா எண்ணெய். மூடி போட்டாச்சு. நீங்க போகலாம்" என்றார் ஃபயர் சார்.

அதிகாரி மரியாதையாக அவர் முழங்கையைப் பிடித்து வராண்டாவுக்கு நகர்த்தினார். "சார், தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரர் எப்பவும் அணைஞ்சிடுச்சுன்னுதான் சொல்லுவார், அதைக் காதுல வாங்காதேன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

ஃபயர் சார் நகர்ந்தார். தான் எத்தனையோ வீட்டுக்காரர்களை நகர்த்தி நிறுத்திய அதே இடத்தில், கதவுக்கு வெளியே, செருப்பு வைக்கும் அலமாரி ஓரமாக நின்றார். உள்ளே ஆட்கள் போனார்கள். அவர்களில் உயரமான ஒருவர் அடுப்பை நோக்கிப் போவது வெளியிலிருந்து தெரிந்தது. "மூடியைத் தொடாதீங்க, இன்னும் சூடு ஆறலை" என்று ஃபயர் சார் குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் பேச்சு, யாரும் காதில் வாங்கவில்லை. உயரமானவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

ஆறாத எண்ணெய்க்குக் காற்றுக் கிடைத்தது. மறுபடியும் குப்பென்றது. இந்தத் தடவை ஜன்னல் திரையும் சேர்ந்துகொண்டது. அதிகாரி ஒரு கணமும் தாமதிக்காமல் தீயணைப்பு உருளையைத் திறந்து பொடியை அடித்தார். அடித்தது கச்சிதமாகத்தான் இருந்தது. ஃபயர் சாரே உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். வெண்பொடி அடுப்பு, மேடை, மசாலா டப்பாக்கள், தக்காளி, சுவர், குளிர்பெட்டியின் தலை, வாசலில் நின்ற ஃபயர் சாரின் சட்டை என்று ஓர் இடம் விடாமல் படிந்தது. அவர் அணைத்த தீயைத் துறை மறுபடி ஏற்றி, மறுபடி அணைத்துவிட்டது. சேதம் என்று பார்த்தால், மூடி வைக்கும்போது கருகிய புருவத்தைத் தவிர, எல்லாம் இரண்டாவது தீயில் வந்ததுதான். அதைச் சொன்னாலும் வீட்டுக்காரர் பேச்சாகத்தான் போகும் என்று வாயை மூடிக்கொண்டார்.

மனைவியும் அக்காவும் திரும்பி வந்தபோது வாசலில் சிவப்பு வண்டி நின்றது. கார் நிறுத்துமிடத்தில் அதிகாரி எல்லாரையும் நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தீ என்றால் என்ன, தண்ணீர் ஏன் ஆகாது, என்னென்ன செய்யக் கூடாது. ஒரு வார்த்தை மாறாமல் ஃபயர் சாரின் பழைய பிரசங்கம். உதாரணத்துக்கு மட்டும் இன்றைய சம்பவத்தை எடுத்துக்கொண்டார். "நம்ம சார் மாதிரி அனுபவசாலிக்கே இப்படின்னா" என்று அவர் சொன்னபோது, கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போன தடவை மணி பார்த்தவர்கள் ஒருவர்கூட இந்தத் தடவை பார்க்கவில்லை.

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். சட்டையெல்லாம் பொடி, புருவத்தில் ஒரு பக்கம் பாதிதான் மிச்சம். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். எங்கும் காயமில்லை என்று தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

"என்ன பண்ணீங்க?"

"பனீர்" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அது அந்தக் குடும்பத்தில் முன்பு நடந்ததாக யாருக்கும் நினைவில்லை.

சமையலறையைக் கழுவித் துடைத்து முடிக்கவே நாட்கள் பிடித்தன. ஆச்சரியம் என்னவென்றால், பக்கத்து வீடுகள் எல்லாம் வாளியும் துணியுமாக வந்து சேர்ந்தன. இத்தனை நாள் அவர் வருவதைக் கண்டால் அட்டைப்பெட்டியை ஒளித்து வைத்தவர்கள், இப்போது அவர் தோளில் தட்டிப் பேசினார்கள். செயலாளர் தன் வீட்டிலும் ஒரு தடவை இப்படி நடந்ததாகவும், வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்று மறைத்துவிட்டதாகவும் ரகசியமாகச் சொன்னார். அவரைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர் அதே ரகசியத்தைத் தனித்தனியாக வந்து சொன்னார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், இனிமேல் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் ஆரம்பித்தார். மனைவி எழுந்து நேரே சமையலறைக்குப் போனாள். அன்று காலையில் அவர் செய்து, துண்டு போட்டு வைத்திருந்த பனீரை இடது கையாலேயே எடுத்து, உலர்ந்த துணியில் வைத்து ஒற்றினாள். வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில் வைத்தாள்.

"வாங்க இப்படி. பக்கத்துல நில்லுங்க."

"நீ போடு. நான் இங்கருந்தே பார்க்கறேன்."

"உங்களுக்கு எண்ணெய்னா பயம்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள், வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கல்யாணமான புதுசுல, நான் தாளிக்கும்போதெல்லாம் எழுந்து பால்கனிக்குப் போயிடுவீங்க. அப்பவே தெரியும்."

அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார்.

"நீங்க வேலைக்குப் போறப்ப எனக்கு இருந்த பயத்தை நீங்க கேட்டீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பிரேமை வளைத்து நீட்டி, இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

அவர் பக்கத்தில் போய் நின்றார். பிறகு, பஞ்சாலைக்குள் போன அன்று தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றார். அதை யாரிடமும் சொன்னதில்லை என்றார். அவள் ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குனிந்தார். எண்ணெய்க்கு வெகு அருகில், வாணலியின் ஓரமாகச் சறுக்கி விட்டார். லேசாகச் சலசலத்தது, அவ்வளவுதான். எட்டி நிற்க நிற்கத்தான் தெறிக்கும் என்பதை, தீயைப் பற்றி அத்தனையும் தெரிந்த அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார். புறங்கையில் ஒரே ஒரு சொட்டுப் பட்டது. பட்ட இடத்தைப் பார்த்தார். ஒரு கடுகு அளவுக்குச் சிவந்திருந்தது. இதற்கா என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கை கூடி வேலைக்குத் திரும்பிய பிறகும் பனீர் அவர் பொறுப்பாகவே இருந்துவிட்டது. கொஞ்ச நாளில் அதிகாரி வீட்டுக்கு வந்தார், கொஞ்சம் தயங்கியபடி. பக்கத்துக் குடியிருப்புகளில் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். தாங்கள் பேசினால் ஒருவரும் கேட்பதில்லை. சார் வந்து பேச முடியுமா என்று கேட்டார். முன்னாள் அதிகாரியாகவா என்று ஃபயர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லை, வீட்டுக்காரராக என்றார் அவர்.

போகாமல் இருக்க முடியவில்லை. இப்போது மாதம் ஒரு தடவையாவது எங்காவது ஒரு கார் நிறுத்துமிடத்தில், பாதி புருவம் எரிந்த கதையை அவரே சொல்கிறார். கூட்டம் நிறையவே வருகிறது. மூடியை எப்படிச் சறுக்கி வைப்பது, எண்ணெய் முழுக்க ஆறும்வரை ஏன் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்பார். போன வாரம் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, வறுத்த பனீர் குழம்பில் போட்டதும் கட்டையாகிவிடுகிறதே, என்ன செய்வது என்று கேட்டாள். தீயைப் பற்றிக் கேள்வி கேட்க ஆளில்லையே என்று அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஃபயர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயின்ட் கிடங்குத் தீயை விவரிக்கும் அதே கண்டிப்பான குரலில் ஆரம்பித்தார்:

"வறுத்து எடுத்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில போட்டுடணும். ஆனா, எண்ணெயை இறக்கி வச்ச பிறகு. தண்ணிப் பாத்திரம் அடுப்புக்கிட்ட இருக்கவே கூடாது. இதை எல்லாரும் எழுதிக்கங்க."

முன் வரிசையில் பேனாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது.